நஜீமுக்குப் புகைபோட்ட இறைச்சி

ரஹீனா அத்தா,

தம்பி நஜீமைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இனி அவன் கேட்பதையெல்லாம் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மச்சான் கையால வறட்டின இறைச்சி வேணும் அக்கா" என்றான்.

நேற்றே உள்ளே நன்றாக வேகும்வரை புகைபோட்டு, சீக்கிரம் ஆறவைத்து பிரிட்ஜில் வைத்துவிட்டேன். வெளியே எடுத்து வைத்துவிடாதீர்கள். நேராகச் சட்டியில் போட்டு, தேங்காய்க்கொத்தும் மிளகும் சேர்த்து, பெரிய துண்டின் நடுவிலும் ஆவி பறக்கும்வரை வறட்டுங்கள். கொஞ்சம் கெட்டிருந்தாலும் அவன் உடம்பு தாங்காது.

இரண்டு வருஷமாக நீங்களும் அவனும் பேசவில்லை. யார்மேல் தப்பு என்று இனி நான் கேட்கமாட்டேன்.

ரம்லத்

நம் மகள் ரஹீனாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே வாங்க. கதவு திறக்கும்போதெல்லாம் "மச்சானா?" என்று கேட்கிறான்.