ஒரு துண்டு அதிமதுரம்

இன்று காலை லேக் மார்க்கெட் போயிருந்தேன், இட்லி அரிசியும் பெருங்காயமும் வாங்க. நான் இருமுவதைக் கேட்ட கடைக்காரர் தானாகவே ஒரு டப்பாவைத் திறந்து, அதிமதுர வேர் ஒன்றை எடுத்து நீட்டினார். "இத வாயில அடக்கிக்குங்கம்மா, இருமல் கம்முனு கெடக்கும்" என்றார். டப்பாவிலிருந்து மண்ணும் இனிப்புமாக அந்த வாசனை வந்தது. "வேண்டாம், எனக்கு இருமணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு, பெருங்காயத்தை மறந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தவளுக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். "எழவு, பதில் வரலன்னு கோவம் வேற படுவியே" என்பாய். கோபமெல்லாம் இல்லை. இந்த ஃபிளாட்டில் பேச்சுக்கு ஆளில்லை, அவ்வளவுதான்.

கல்கத்தா மெட்ரோ டோலிகஞ்சோடு நின்றுவிடுகிற காலம் அது. எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக் கோடியில், கதவில் ஒரு சதுரக் கண்ணாடி வைத்த தனியறையில் உன்னைப் போட்டிருந்தார்கள். ஃபைலில் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். வயது நாற்பத்து நாலு. நெறிக்கட்டிகளில் புற்றுநோய். ஆறு கீமோவில் நாலு முடிந்து, ஐந்தாவதற்கு முன் இன்ஃபுளூயன்ஸா பிடித்துவிட்டது. ஊரே மூன்று நாள் மூக்கைச் சிந்திவிட்டு மறந்துபோகிற வைரஸ்தான். உன் ரத்தத்தில் எதிர்த்து நிற்க வெள்ளணுக்கள் இல்லாததால் இரண்டு நுரையீரலுக்கும் இறங்கிவிட்டது.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினைந்து வருட சர்வீஸ் அப்போது. தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்ததில் உனக்குத் தெரிந்தது என் கண் மட்டும்தான். எல்லோரிடமும் பேசுகிற மாதிரி வங்காளத்தில், நன்றாக மூச்சை இழுங்கள் என்றேன். நீ ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் முணுமுணுத்தாய். "இருந்தா இழுக்க மாட்டனா, எழவு." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இருக்கறத இழுங்க, போதும்" என்று தமிழில் சொன்னேன். நீ கண்ணை அகல விரித்துப் பார்த்தாய்.

பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாய். அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர், நான் அங்கே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், வீட்டுக்கு வெளியே எல்லாம் வங்காளம்தான், அம்மாவுக்குப் பூர்வீகம் பாளையங்கோட்டை. "அப்ப நம்ம பிள்ளைதான். இனி ஏட்டின்னுதான் கூப்பிடுவேன். நீயும் வாங்க போங்கன்னு இழுக்காத. மூச்சு கம்மியா இருக்கவளுக்கு மரியாதையெல்லாம் கட்டுப்படியாகாது" என்றாய். அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு என்னை ஏட்டி என்று கூப்பிட யாரும் இருக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

உனக்கும் இந்த ஊரில் யாருமில்லை. அலிப்பூரில் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி முதல் இரண்டு கீமோவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போயிருந்தான். வந்தாலும் அந்த அறைக்குள் விடமாட்டார்கள். நர்ஸ் அக்கா ஷிப்ரா-தி, ஒரு டாக்டர், நான். உன் உலகம் அவ்வளவுதான்.

வேறு நோயாளியாக இருந்தால் கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியைக் கிளப்பியிருப்பேன். உனக்குத் தட்டணுக்களும் குறைவு, தட்டினால் உள்ளே ரத்தம் கசியும். அதனால் மெதுவாகத்தான் எல்லாம். முன்பக்கம் மேஜையில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார வைப்பேன். இரண்டு ஆழ மூச்சு, கொஞ்சம் ஓய்வு, பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி ஒரு ஊது. கடைசியில் தலையணையைக் கட்டிக்கொண்டு இருமல். சளி கப்பில் விழுந்தால் எனக்கு முகமெல்லாம் பல். "இன்னொண்ணு. எனக்காக ஒண்ணு" என்பேன். "ஊர்ல ஒருத்தி இருமினா நாலு பேரு தூர ஓடுவாவ. நீ ஒருத்திதான் கோயில் மணி கேட்ட மாதிரி நிக்க" என்றாய்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப்பைப் பார்த்துக்கொண்டே நீ கேட்டாய். "இருமல் இருக்கவரைக்கும் அடுத்த கீமோ கிடையாதாமே?" பொதுவாகத் தள்ளித்தான் போடுவார்கள் என்றேன். நீ கழுத்தின் இடப்பக்கத்தைத் தடவினாய். "முன்ன ஒரு தடவ பத்து நாள் தள்ளினாவ. இங்கன மறுபடி முளைச்சிட்டு. இந்தத் தடவ தள்ளினா நான் போய்ச் சேந்துருவேன், ஏட்டி." நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அப்படிச் சொல்கிற ஆறுதல்கள் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

மறுநாள்தான் அந்த வேரைக் கேட்டாய். தொண்டை வறண்டு கிடக்கிறது, லேக் மார்க்கெட்டில் நம்ம ஊர்க் கடையில் அதிமதுரம் கிடைக்கும், ஒரே ஒரு துண்டு. வெளிச் சாமான் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. அதுவும் மண்ணில் விளைந்த வேர், அதில் பூஞ்சை இருக்கும். உன்னை மாதிரி உடம்பு அதையெல்லாம் தாங்காது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளே நான்தான். ஆனால் சின்ன வயதில் எனக்குச் சளி பிடித்தால் அம்மா வாயில் போடுவது அதைத்தான். நீ அந்தப் பெயரைச் சொன்னதும் என் புத்தி பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. வாங்கிக்கொண்டு போய், வீட்டில் வெந்நீரில் கொதிக்க வைத்து, துடைத்து, ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற காஸ் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். காஸில் சுற்றினால் விதிமுறைக்குள் வந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஒரு வங்காளிப் பெண் என் இடத்தில் இருந்திருந்தால் உனக்கு அது கிடைத்திருக்காது. நம் இரண்டு பேரின் கூட்டுத் தப்பு அது.

இரண்டு நாள் உனக்கு இருமலே இல்லை. உன் மார்பு அமைதியாக இருந்தது. குறிப்பில் "இருமல் நன்கு குறைந்துள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பெருமை வேறு. ஷிப்ரா-தி கப்பில் கிடந்த வேரின் நாரைப் பார்த்து, "ஏ கீ, தாந்தோன்?" என்று கேட்டார். நீ பல் துலக்கக் குச்சி வைத்திருப்பதாக நினைத்துவிட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வந்தபோது உன் உதடு நீலம் பாரித்திருந்தது. கிளிப் எண்பத்து நாலு காட்டியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை. சளி கட்டியாகி, குழாயை அடைத்து, அந்தப் பகுதி சுருங்கிப் போயிருந்தது. நீ தொண்டைக்காக அந்த வேரைக் கேட்கவில்லை. யாராவது கதவுப் பக்கம் வந்தால் அதை மென்று, எச்சிலை விழுங்கி விழுங்கி இருமலை அழுத்தியிருக்கிறாய். இருமல் போய்விட்டது என்று எழுதினால் கீமோ தேதி தள்ளிப்போகாது என்று கணக்குப் போட்டிருக்கிறாய். உன் பயம் எனக்குத் தெரியும். உன் வாயில் வேர் இருப்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் துப்பில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று முதலில் உன்னிடம் சொன்னேன். நீ என் கவுனைப் பிடித்துக்கொண்டாய். பேச மூச்சில்லை. "சொல்லாத. ஏட்டி. சொல்லாத." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாய். உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனேன்.

வேர், அமுக்கிய இருமல், என் குறிப்பு, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டேன். பூஞ்சைக்கும் சேர்த்து மருந்து எழுதினார். சாயங்காலத்துக்குள் மூச்சு ஏறாவிட்டால் வென்டிலேட்டர்தான், போட்டால் இவர் உடம்புக்கு அதிலிருந்து மீள்வது சந்தேகம் என்றார். கீமோ மூன்று வாரமாவது தள்ளிப்போகும் என்றார். எக்ஸ்ரே வந்த பிறகு எப்படியும் தள்ளித்தான் போட்டிருப்பார்கள். ஆனால் போய்ச் சொன்ன வாய் என்னுடையது.

அன்று முழுக்க உன் அறையிலேயே கிடந்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நீராவி மருந்து பிடிக்க வைத்து, அரைமணிக்கொரு தடவை எழுப்பி ஊதச் சொன்னேன். நீ சொன்னதை எல்லாம் செய்தாய், என்னைப் பார்க்காமல். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் வந்தது. தலையணையை உன்னோடு சேர்த்து நானும் அழுத்திப் பிடித்தேன். கட்டை விரல் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி கப்பில் விழுந்தது. "இன்னொண்ணு" என்றேன். நீ இருமினாய். கிளிப் எண்பத்தேழு, தொண்ணூறு என்று ஏறியது. மாஸ்க்குக்குள் என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட வழியில்லை. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அதன் பிறகு ஒன்பது நாள் நீ அந்த அறையில் இருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலி வரை, நாற்காலியிலிருந்து கண்ணாடிக் கதவு வரை, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். ஷிப்ரா-தியிடம் உனக்குத் தெரிந்த பத்து வங்காள வார்த்தையை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசினாய். என்னிடம் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று எனக்கு வேறு வார்டில் வேலை. வேண்டுமென்றே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

ஆறேழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட் டிபன் கடையில் உன்னைப் பார்த்தேன். தலையில் ஸ்கார்ஃப். காபியை ஆற்றிக்கொண்டிருந்தாய். என்னை நேராகப் பார்த்தாய், தெரியவில்லை. என் முகத்தை நீ எப்போது பார்த்தாய், தெரிவதற்கு? அப்படியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் போகவில்லை. பின்னால் நின்று, "இப்படி இல்ல, கண்ணாடியில ஆவி படியற மாதிரி ஊதணும்" என்றேன். நீ திரும்பி ரொம்ப நேரம் பார்த்தாய். "இதானா உன் மூஞ்சி? இன்னும் கொஞ்சம் லெச்சணமா இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றாய். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாய்.

கீமோ முடிந்துவிட்டதா என்று கேட்டேன். ஐந்தாவது போட்டாயிற்று என்றாய். கழுத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. "நீ சொல்லலன்னா அன்னைக்கே போயிருப்பேன். அது தெரியும். சொன்னதுக்கு உள்ள கோவமும் போகல. ரெண்டும் கெடக்கட்டும். தோசை சொல்லு" என்றாய். தோசை சாப்பிட்டோம். என் வீட்டு ஃபோன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு ஊருக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய் என்று உன் ஆபீஸில் சொன்னார்கள். கோவம் தீர்ந்தால் கூப்பிடுவாய் என்று இருந்தேன். ஃபோனே வரவில்லை.

அடுத்த வருடம் துர்கா பூஜை முடிந்து, பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஃபோன் வந்தது. ஒரு ஆண் குரல், நம் ஊர்ப் பேச்சு. "நீங்க யாருன்னு தெரியலக்கா. அக்கா டைரியில 'ஏட்டி'ன்னு மட்டும் போட்டு இந்த நம்பர் இருந்துச்சி. அக்கா தவறி இருபது நாளாச்சி." கழுத்தில் வந்து, பிறகு நெஞ்சுக்குப் பரவியதாம். அந்த மூன்று வாரத்தில் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, எனக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் தெரியாது. நான் கேட்டும் பார்த்துவிட்டேன்.

அவன் பேசிக்கொண்டே போனான். "கடைசி ரெண்டு மாசம் ஒரே இருமல். நாங்க இருமாத, இருமாதன்னு மருந்து ஊத்துவோம். 'நான் இருமினா சந்தோஷப்படதுக்குக் கல்கத்தாவுல ஒருத்தி இருக்கா, அவள வரச் சொல்லுல'ன்னுவா. சும்மா வெளயாட்டுக்குச் சொல்லுதான்னு விட்டுட்டோம்."

வெளயாட்டுக்குத்தானே சொன்னாய்? ஹௌராவில் ரயில் ஏறினால் மூன்றாம் நாள் உன் பக்கத்தில் இருந்திருப்பேன். நம்பர் டைரியிலேயே இருந்திருக்கிறது. எனக்கு இன்றைக்கும் உன்மேல் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, காதால் கேட்காமல் "இருமல் குறைவு" என்று ஒரு குறிப்பிலும் நான் எழுதவில்லை. எத்தனை நேரமானாலும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கீமோ தள்ளிப்போகும் என்று பயமா என்று நானே முதலில் கேட்டுவிடுவேன். பாதிப் பேர் அழுவார்கள். அழுது முடித்து இருமுவார்கள்.

இந்தக் குளிரில் எனக்கே சளி பிடித்து ஒரு வாரமாகிறது. பக்கத்து ஃபிளாட்டுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நேற்றுவரை நானும் அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். இதோ இப்போது பேனாவை வைத்துவிட்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு, இரண்டு ஆழ மூச்சு இழுத்து, ஊதி, நன்றாக ஒரு தடவை இருமினேன். பிறகு, "ஏட்டி, இன்னொண்ணு" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். உன் குரல் மாதிரி வரவில்லை. ஆனாலும் இருமினேன்.