நீங்கள் துளை போட்ட குழாய்

அக்கா,

முந்தாநாள் எங்கள் சர்வீஸ் சென்டருக்கு ஒரு பழைய வேக்குவம் கிளீனர் வந்தது. சக்கரம் வைத்த உருளை மிஷின், நெளிநெளியான ஹோஸ், அதன் முனையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொள்ளும் இரண்டு நீட்டுப் பிளாஸ்டிக் குழாய்கள். நீங்கள் கானாடுகாத்தான் ஹோட்டலில் இழுத்துக்கொண்டு திரிந்த அதே மாடல். குழாய்கள் சேரும் இடத்தில் யாரோ சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டை அறுத்ததும் காய்ந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. மேற்கொண்டு கை ஓடவில்லை. அப்படியே மேஜையில் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன்.

உங்களை நான் முதலில் பார்த்தபோதும் இதே வாடைதான்.

பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. "மிஷின் சரியா இழுக்கல" என்று போன் வந்து, காரைக்குடியிலிருந்து பைக்கில் வந்தேன். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் காலண்டர் தாளோடு நீங்கள் முகப்பில் நின்றீர்கள். தாளின் பின்பக்கம் மிஷினின் குறைகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தீர்கள். இத்தனை வருஷ வேலையில் எனக்கு யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. எல்லாரும் "ஓடல" என்பார்கள், அவ்வளவுதான்.

"தம்பி, இழுக்கிறதுல குறை இல்ல. சேருற எடத்துலதான் எல்லாக் குறையும் இருக்கு" என்றீர்கள். "இந்த ஹோஸ் மிஷினோட சேருற கழுத்து இருக்குல்ல, நான் இங்குட்டுத் திரும்புனா அது அங்குட்டே நிக்கிது. முறுக்கி முறுக்கி வெடிச்சுப் போகுது. நாம திரும்புனா அதுவும் கூடத் திரும்பணும்ல?"

அடுத்துக் குழாயை எடுத்துக் காட்டினீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கம்பெனிக் குழாயில் நீங்கள் துளை போட்டிருந்தீர்கள்.

"என்னக்கா இது? ஓட்டை போட்டா வாரண்டி போயிரும்."

"போனாப் போகுது. மொதல்ல இதப் பாருங்க."

குழாயைத் தலைக்கு மேலே தூக்கி, உத்தரத்துப் பூவேலைக்குள் விட்டு ஒட்டடையை இழுத்தீர்கள். பிறகு தலைகீழாகப் பிடித்து உதறினீர்கள். கழன்று விழவில்லை. அந்த மாடலில் ஒரு குழாயை இன்னொன்றுக்குள் அழுத்திச் செருகுவதுதான். வேறு பிடிமானம் கிடையாது. தரையைப் பெருக்க அது போதும். அந்த வீட்டு உயரத்துக்குத் தூக்கினால் மேல் குழாய் நழுவித் தலையில் விழும். நீங்கள் என்ன செய்திருந்தீர்கள் என்றால், மடக்கும்போது விரலால் அமுக்குவோமே, குடைக் கம்பியில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன இரும்புத் தகடு, அதை ஓட்டைக் குடை ஒன்றிலிருந்து கழற்றி, உள்குழாய்க்குள் வைத்து, இரண்டு குழாய்களிலும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டு, தகட்டின் மூக்கு இரண்டு துளையிலும் மாட்டிக்கொள்ளும்படி செய்திருந்தீர்கள். காற்று கசியாமலிருக்கச் சுற்றிலும் சைக்கிள் டியூப்.

"எங்க வீட்டுக்காரவுக சவூதியில இருந்து கொண்டாந்த குடை. காத்துல பிஞ்சு போச்சு. தூக்கிப் போட மனசில்ல" என்று சிரித்தீர்கள். "ஒரே ஒரு கொறை. இத அமுக்க வெரல் வலிக்கிது. பித்தான் பெருசா இருந்தா உள்ளங்கையாலயே அமுக்கிருவேன்."

நான் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ‘டக்’கென்று ஒவ்வொரு தடவையும் பிடித்தது. எனக்குள் ஏதோ ஓட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

"அக்கா, இதக் கம்பெனிக்கு அனுப்பிக் காட்டணும். நான் எடுத்துக்கிறேன். உங்களுக்குப் புதுசு போட்டுத் தாரேன்" என்றேன்.

நீங்கள் கொஞ்சம் தயங்கினீர்கள். "புதுசும் பழையபடி வழுக்குமே தம்பி" என்றீர்கள். பிறகு நீங்களே, "சரி, நாலு பேருக்கு ஆகும்னா எடுத்துட்டுப் போங்க. சீக்கிரம் திருப்பிக் கொண்டாந்திருவீகள்ல?" என்று கேட்டீர்கள்.

கொண்டுவருவேன் என்று சொன்னேன். அதுதான் உங்களிடம் நான் சொன்ன முதல் பொய். சொல்லும்போது அது பொய் என்று எனக்கே தெரியாது.

கம்பெனிக்கு அனுப்பும் படிவத்தில், யோசனை சொன்னவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் உங்கள் பெயரை எழுத நினைத்துக் கை தடுமாறியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நான் யோசிக்கவே இல்லை. படம் வரைந்தேன், அளவு குறித்தேன், கழுத்து திரும்ப வேண்டும் என்றும் பித்தான் பெரிதாக வேண்டும் என்றும் நீங்கள் சொன்ன வார்த்தைகளையே எழுதினேன், கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். குழாயையும் கட்டி அனுப்பினேன். அது திரும்பி வரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஹோட்டல் மேனேஜர் போன் செய்தார். நீங்கள் ஏணியில் நின்று உத்தரத்தைத் துடைக்கும்போது, நான் போட்டுக் கொடுத்த புதுக் குழாய் நழுவியிருக்கிறது. கீழே விழுந்தால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உடைந்துவிடுமே என்று தாவிப் பிடிக்கப் போய் நீங்களே விழுந்துவிட்டீர்கள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"குழாய மட்டும் மாத்திக் குடுங்க" என்றார் மேனேஜர். மாற்றிக் கொடுத்தேன், அதே வழுக்கும் குழாயை. நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரி, என் சர்வீஸ் சென்டரிலிருந்து நடந்து போகும் தூரம். ஒரு நாள் அதன் வாசல் வரை பைக்கில் வந்து, வண்டியை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு போனேன். உங்கள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தால் அந்தக் குழாய் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பயம்தான்.

அடுத்த வருஷம் புது மாடல் வந்தது. குழாய்கள் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன, பித்தான் உள்ளங்கை அகலம், ஹோஸின் கழுத்து எந்தப் பக்கம் இழுத்தாலும் கூடவே திரும்பியது. மதுரையில் கூட்டம் போட்டு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். பைக்கில் அலைந்த மெக்கானிக், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளன் ஆனேன். என் மனைவி கேடயத்தை டிவிக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் துடைத்தாள்.

பிறகு நடந்ததைத்தான் எழுதக் கூசுகிறது. புது மிஷினைக் காட்ட, கம்பெனியின் மதுரை அதிகாரியோடு உங்கள் ஹோட்டலுக்கே வந்தேன். நீங்கள் வேலைக்குத் திரும்பியிருந்தீர்கள். அதிகாரி உங்களைக் கூப்பிட்டு, "இத ஓட்டிப் பாருங்கம்மா" என்றார். நீங்கள் குழாயைச் செருகினீர்கள். அந்தச் சத்தம் கேட்டது. உங்கள் கை ஒரு கணம் நின்றது.

"எப்படி இருக்கு? இதக் கண்டுபிடிச்சது யாருன்னு நெனக்கிறீங்க? இவர்தான்" என்று என் தோளில் தட்டினார்.

நான் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்ற வேண்டிய தேவையே இல்லை, இன்னும் பிளக்கில்கூட மாட்டவில்லை. நீங்கள் என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும் அக்கா. ‘இல்ல சார், இவுகதான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்படிங்களா? நல்ல மூளை" என்றீர்கள் அதிகாரியிடம்.

அவர் முற்றத்துப் பக்கம் போனதும் என்னருகில் வந்தீர்கள். கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வலது கையை நீட்டிக் காட்டினீர்கள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை.

"பித்தான் பெருசா வச்சிட்டீக. இந்தக் கைக்கு எதமா இருக்கு தம்பி."

"கம்பெனியில வச்சாக, அக்கா" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

நீங்கள் தலையை ஆட்டிவிட்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அதுதான் உங்களை நான் கடைசியாகப் பார்த்தது. அடுத்த தடவை சொல்லிவிடலாம், அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். அந்த ஹோட்டலில் வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பினேன்.

போன ஐப்பசியில் ஆள் கிடைக்காமல் நானே போக வேண்டியதாயிற்று. உங்கள் இடத்தில் வேறு ஒரு பெண் நின்றார். கேட்டேன். "அவுக தவறி ஏழு மாசம் ஆச்சேண்ணே. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே" என்றார். மிஷினைப் பிரித்துப் போட்டவன் திரும்ப மாட்ட முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: குழாய், படிவம், கேடயம், அந்த ஏணி. அவர் முகம் மாறாமல் கேட்டார்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றார். "‘நம்ம குடையக் கம்பெனிக்காரவுக எடுத்துக்கிட்டாக’ன்னு சொல்லிச் சிரிப்பாக. உங்க பேரச் சொன்னதே இல்ல. அந்தக் கையால சோத்தப் பெசையக்கூட முடியாது அவுகளுக்கு. அதையும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

"என்னய மன்னிச்சிரும்மா."

"நான் எப்படிங்க மன்னிக்க முடியும்? மௌத்தாப் போனவுக எந்திரிச்சு வந்தா சொல்லுவாக?" குரல் உயரவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? இத உங்க வேலைன்னு யாருகிட்டப் பொய் சொன்னீகளோ, அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க. எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

கதவைச் சாத்தும் வரை அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த மாதமே மதுரைக் கூட்டத்தில், பயிற்சியாளர்கள் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். உங்கள் முழுப் பெயரையும் சொன்னேன். கேடயத்தை மேஜைமேல் வைத்தேன். ஏதோ நடக்கும், வேலை போகும், யாராவது முகத்தில் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, குறிச்சுக்கிறோம்" என்றார். அடுத்த ஆளைப் பேசக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் ஒருவர், "இதெல்லாம் இப்ப எதுக்குண்ணே?" என்றார். என் மனைவி மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவுக கை ஒடஞ்சதையும் மறச்சிட்டீகளே" என்றாள். கேடயம் போனதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

இப்போது எந்த வீட்டில் மிஷினைக் காட்டினாலும் குழாயைப் பூட்டும்போது, இது கானாடுகாத்தானில் வேலை பார்த்த ஓர் அக்கா செய்தது, குடைக் கம்பியை வைத்துச் செய்தார் என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். ஆரம்பத்தில் அதோடு நிறுத்திக்கொண்டேன். தேவகோட்டையில் ஓர் ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, "அடுத்தவுக பேரச் சொல்ல ஒரு மனசு வேணும்ப்பா. நல்ல மனுசன் நீ" என்றார்கள். அந்த வார்த்தை எனக்கு இதமாக இருந்தது அக்கா. பைக்கை எடுக்கும்போதுதான் சுருக்கென்றது. இதிலும் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேனே என்று.

அன்றிலிருந்து ஏணியைப் பற்றியும் சொல்கிறேன். குழாயை நான் எடுத்துப் போனதையும், உங்கள் கை ஒடிந்ததையும், ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பியதையும் ஒன்று விடாமல் சொல்கிறேன். கேட்பவர்கள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு குழாயை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பித்தானைத் தாங்களே அமுக்கிப் பார்க்கிறார்கள். என்னை நல்ல மனுசன் என்று யாரும் சொல்வதில்லை.