தசரதன் மடியில் கண்டெடுத்தது

ராபர்ட்சன்பேட்டை,
1905, ஆவணி.

சிரஞ்சீவி ராஜப்பாவுக்கு நைனா முனிரத்தினம் ஆசி கூறி எழுதுவது. நாங்கள் இங்கே உடம்புக்கும் வியாபாரத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருக்க அம்மன் துணை. நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி தசரதனைத் தங்கம் கடத்துகிறவன் என்று நினைத்து, கடையின் பின்கட்டில் நிறுத்திச் சோதனை போட்டேன்.

நைனாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பாய். நான் கண்டதைக் கண்டிருந்தால் நீயும் அதையேதான் நினைத்திருப்பாய். சில மாதமாகப் பையன் வாய் திறந்தால் குசுகுசுவென்றுதான் பேசுகிறான், மிளகாய் என்ன விலை என்று கேட்டால் விரலைக் காட்டுகிறான். மடியில் எதையோ முடிந்துகொண்டு குளிக்கிற மறைப்புக்குள் போனால் தண்ணீர் கொட்டுகிற சத்தமே இல்லை, கூப்பிட்டால் திடுக்கிட்டு மடியைப் பிடித்துக்கொள்கிறான். இந்த ஊரில் இதற்கெல்லாம் அர்த்தம் ஒன்றுதான், தங்கச் சுரங்கத்தில் திருடிய கல்லை எவனோ இவனிடம் கொடுத்து வைக்கிறான். பிடிபட்டால் அவனுக்குச் சிறை, தலைச்சுமையாய்ப் புளி விற்று நான் போட்ட கடைக்குப் பூட்டு. உன் அம்மா தாயம்மாவின் கட்சி வேறு. முகமெல்லாம் பரு, யாரைக் கண்டாலும் எரிச்சல், சட்டியோடு களி தின்கிறான், சுரங்கத்து ஷாப்ட்டுக் குழியில் விழுந்து செத்தவன் எவனோ பிடித்துக்கொண்டான் என்று வேப்பிலை கட்டினாள். செத்தவனுக்கு அவ்வளவு பசி எடுக்காதடி என்றேன். ஆக, பெற்றவர்கள் நாங்கள் போலீசுக்கும் தயார், பேய்க்கும் தயார். பிள்ளைக்கு வயது பதினான்கு என்பதற்குத்தான் தயாராக இல்லை.

ஷிப்டு முடிந்து வருகிறவர்களை வாட்ச்மேன் தடவுகிற மாதிரியே தடவினேன், வாயைத் திற என்றேன், குடுமியை அவிழ் என்றேன். மடியிலிருந்து விழுந்தது ஓர் உடைந்த கண்ணாடித் துண்டும் நாவிதன் தூக்கிப்போட்ட மொண்ணைக் கத்தியும். மூக்குக்குக் கீழே பூனைமயிர் முளைத்ததை, உதட்டுத்தோலோடு சேர்த்து வழித்து வந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்திருக்கக் கூடாது. "இன்னாத்துக்கு நைனா சிரிக்கிற? என்னைத் திருடன்னா நெனச்சே?" என்று கத்தினான், தொடக்கம் எருமை, முடிவு கோழிக்குஞ்சு. இத்தனை நாள் குசுகுசுத்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. உன் அம்மாவும் சிரித்தாள். பையன் படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில், சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி மாணிக்கராஜ் வந்து, "முதலாளி, ஒங்க புள்ள பதினெட்டு வயசுன்னு சொல்லி கீழ எறங்குற வேலைக்குப் பேரு குடுக்க வந்துகீறான், மீசை எங்கடான்னா செரைச்சிட்டேன்றான், இன்னா பண்றது?" என்றார். ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற அந்தக் கூண்டில் இறங்கி ஏறி வராதவர்கள் என் வாடிக்கையிலேயே உண்டு. ஓடிப்போய்ப் பார்த்தால் வரிசையில் நிற்கிறான். இழுத்து அறையலாம் என்று கை ஓங்கினேன், தலை என் காதுக்குச் சமமாக நிற்கிறது. இவன் எப்போது வளர்ந்தான்? நீ இந்த வயதில் மூட்டை தூக்கினாய், உன் குரல் உடைந்ததா என்று யார் கேட்டார்கள். சரி, அதட்டினால் படியாத ஆளிடம் பேரம்தான் பேச வேண்டும் என்று, இன்னா வேணும் சொல்லு என்றேன். என் பிள்ளையல்லவா, எடுத்த எடுப்பில் பூட்ஸ் கேட்டான்.

பேரனுக்கு என் முத்தம். அவனுக்குப் பதின்மூன்று ஆனதும் நீயாகவே ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிடு, மலிவாக முடியும். மழையில் நனையாதே, ஜுரம் வந்தால் மறைக்காமல் எழுது. எல்லோரும் தீர்க்காயுசாய் இருங்கள். இங்கே முடிந்த பேரம் இது: நல்ல கத்தி நான் வாங்கித் தருவது, தகரப்பெட்டி ஒன்று அவனுக்கு, சாவி அவனிடம், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட அம்மா வரக் கூடாது, பூட்ஸ் கிடையாது. பதிலுக்கு, சுரங்கத்தின் காலைச் சங்கு ஊதுவதற்கு முன் அவன் கடை திறந்து, விலையை வாயால் சொல்வது. குரல் எந்த இடத்தில் உடைந்தாலும் ஒருவரும் சிரிக்கக் கூடாது, ரங்கூனில் இருக்கிற அண்ணனுக்கும் இது செல்லும் என்றான். உன் சார்பிலும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
முனிரத்தினம்.