'ரன் இன்ட்டு'க்கு இரண்டு அர்த்தம்

ஏங்க,

சாப்பாட்டை அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேற்று உங்கள் பட்டறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தேன். "சண்டையை இங்கயும் கொண்டுவந்துட்டியா?" என்றீர்கள். வந்த வழியே திரும்பிவிட்டேன். நடந்தது இதுதான். நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு எங்கள் பல் டாக்டர் வந்ததும், வழியில் உங்களை 'ரன் இன்ட்டு' செய்ததாக இங்கிலீஷில் சொன்னார். காரை உங்கள்மேல் ஏற்றிவிட்டார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. போட்டது போட்டபடி ஓடிவந்தேன்.

திரும்பிப் போய்க் கேட்டால் சிரிக்கிறார். "தற்செயலா பார்த்தேன்னு அர்த்தம்மா."

அகராதியைப் புரட்டினேன். மோதினாலும் அதே சொல், எதிர்ப்பட்டாலும் அதே சொல்! இது என்ன பாஷை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தால், நாம் மட்டும் என்னவாம்? நமக்கும் காலில் அடி படுகிறது, ஆள் கண்ணில் படுகிறது.

ஆனால் என்னைக் கேட்காமல் நீங்கள் ராத்திரி ஷிப்டுக்கு ஒப்புக்கொண்டது தப்புதான். அதில் மாற்றமில்லை.

பி.கு.: நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். "உன்னை மாதிரியேதான். முகம் வாடிப்போயிருந்துச்சு" என்றார். சாயங்காலம் நேரத்தோடு வாங்க, பேசலாம்.