குனிந்து பல் பிடுங்க வேண்டாம்

வள்ளி அப்பாவுக்கு,

சோறும் புளிக்குழம்பும் உறியில் இருக்கின்றன. நேற்று குனிந்து பல் பிடுங்கும்போது கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்தீர்களே, பார்த்துவிட்டேன். கேட்டதற்கு "ஒண்ணுமில்லட்டி" என்றீர்கள். நீங்கள் நடக்க முடியாமல் படுத்துவிட்டால் நானும் வள்ளியும் என்ன செய்வோம்?

குற்றாலத்தில் அருவிக்கு முதுகைக் காட்டப் போய்விடாதீர்கள். அந்த அடியை உங்கள் இடுப்பு தாங்காது.

நோயாளி நாற்காலிக்கு உயரமான கால் போட, இலத்தூர் ஆசாரியைக் கூப்பிட்டு வரப் போகிறேன். கோமாளித்தனம் என்று நேற்றுக் கத்தினீர்கள், இன்றும் கத்துங்கள். பல் பிடுங்கும் குறடைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். சாவியைத் தேட வேண்டாம்.

வடிவு

பி.கு.: கடையம் தளவாய் அண்ணாச்சி வீங்கின கன்னத்தோடு வந்தால் பாவம். சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அவரை மேசைமேல் உட்காரவைத்து, நீங்கள் நிமிர்ந்து நின்று பிடுங்குங்கள்.