ஆவிக்கூடத்துக்கு வராதவர்கள்

நாள் 212. காலை. செவ்வாய்க் கிரகம், மூன்றாம் குடில்

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. எழுதுவது சுகாதாரக் குழுத் தலைவர் கோமதிநாயகம். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் மணல்வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டுகிறவன் இந்தக் கிரகத்திலேயே நான் ஒருவன்தான்.

தூசிக் காய்ச்சல் பரவுகிறது. கவலையே வேண்டாம். நொச்சி இலை போட்டுப் பொது ஆவிக்கூடம் திறந்துவிட்டேன். மறுநாளும் வருகிறவர்களை வாசலில் நிறுத்திக் கேட்கிறேன். அத்தனை பேரும் தேவலை என்கிறார்கள். நூற்றுக்கு நூறு. எந்த டாக்டருக்கு இது வாய்த்தது?

நாள் 219. மாலை

என் அக்கா மகள் செண்பகவல்லி இங்கே செவிலி. குடிலின் கிழக்குப் பகுதி ஆவி பிடிக்கட்டும், மேற்குப் பகுதி பிடிக்க வேண்டாம், ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று கேட்டிருந்தாள். சரி என்றேன். இன்று கிழக்கிலிருந்து ஒலிபெருக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்:

"மாமா, கிழக்குலதான் காய்ச்சல் ரெண்டு மடங்கு. சாவும் அங்கதான். ஈரம் பட்டா நெஞ்சுல தூசியோட பூஞ்சையும் மொளைக்கி. நீங்க வாசலுக்கு வந்தவங்கள மட்டும் எண்ணுதீய. வராதவங்க எங்க கெடக்காவன்னு ஒரு நாளாவது போய்ப் பாத்தீயளா? கூடத்தப் பூட்டுங்க. ஒங்க தலைவர் நாற்காலிய யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாவ."

சிரித்துவிட்டேன். பூட்டவில்லை. அங்கேயும் காய்ச்சல் என்று ஏழாம் குடிலிலிருந்து அறிக்கை கேட்டிருந்தார்கள். அவள் கணக்கை நீக்கிவிட்டு என் கணக்கை அனுப்பினேன். கொஞ்சம் ஜோடனையும் சேர்த்தேன்: படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர் ஒருவர் ஆவி பிடித்த கையோடு எழுந்து கபடி ஆடினார் என்று. கூடத்தில் கபடி ஆட இடமே கிடையாது.



நாள் 226

கிழக்குப் பகுதிக்குப் போனேன். முதல் தடவையாக. வராதவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள், படுக்கையில். பலருக்கு மூச்சில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த செண்பகம் தரையில் சாய்ந்து கிடந்தாள். உடம்பு கொதிக்கிறது.

கூடத்தைப் பூட்டினேன். பூட்டுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு வாரம் முன்பே கேட்டிருக்க வேண்டிய சத்தம்.

நாள் 228

ஏழாம் குடிலுக்கு உண்மையைச் சொல்லப் பார்த்தேன். செய்தி போகவில்லை. ஆவிக்கூடத்து ஈரம் குழாய்வழி ஏறி, அனுப்பும் கருவிக்குள் உறைந்து, அதை உடைத்திருக்கிறது. இனிக் கேட்க மட்டும் முடியும். கேட்டேன்:

"அண்ணாச்சி, ஏழாம் குடில் மரியசூசை பேசுதேன். ஒங்க அறிக்கைய வாசிச்சதும் கூட்டத்துல ஒரே கைதட்டு. நாளைக்கே ஆவிக்கூடம் திறக்கோம். புள்ளைகளத்தான் மொதல்ல விடுதோம். அந்தக் கபடிக் கெழவனார் சொகமா இருக்காரா?"

அப்படி ஒரு கிழவர் இல்லை, மரியசூசை.

நாள் 229

வாசலில் மணல்வண்டி நிற்கிறது. ஏழாம் குடில் ஒரு பகல் ஓட்டம்தான். செண்பகத்தின் குரல் படுக்கையிலிருந்து ஒலிபெருக்கியில் வந்தது:

"நீங்கதான் ஒத்தக் கையால ஓட்டுவீயளே மாமா. கெளம்புங்க."

அவளும் நம்பியிருக்கிறாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்த இருவரும் கிழக்குப் பகுதியில் மூச்சில்லாமல் போர்த்திக் கிடக்கிறார்கள். ஆனாலும் ஏறினேன். இரண்டு கையாலும் பிடித்தேன். வண்டி பின்னால் போய்ப் பாறையில் மோதியது. அச்சு முறிந்துவிட்டது. இருந்தது அந்த ஒரு வண்டிதான்; நடந்து போகக் காற்று போதாது. திரும்பி வந்து, வழியில் புயல் என்று அவளிடம் சொன்னேன். அதுவும் பொய்.

நாள் 233, அல்லது 234

செண்பகம் போய்விட்டாள். எனக்கும் நெஞ்சு கரகரக்கிறது. கருவி பேசுகிறது:

"அண்ணாச்சி, மரியசூசை. ஒங்களப் போலவே வாசல்ல நின்னு கேட்டேன். வந்த புள்ளைக அத்தனையும் தேவலைங்கு. நூத்துக்கு நூறு! கொஞ்சம் பேரு இன்னைக்கு வரல. கொணமாயிருக்கும்லா?"

வெளியிலிருந்து வந்து இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும், முதலில் ஏழாம் குடிலுக்கு ஓடுங்கள். அந்த அறிக்கையைக் கிழித்துப் போடுங்கள். மேற்குப் பகுதி பிழைத்தது. செண்பகம் சொன்னதுதான் கணக்கு.

மரியசூசை, வாசலில் நிற்காதே. வராதவர்கள் வீட்டுக்குப் போ. கதவைத் தட்டு. பிள்ளைகள் இருக்கிற வீட்டை முதலில்