வேகா: பதினாலாம் வாரம் முதல்

பிப்ரவரி 7, 1976. சனி

ஆட்சி கலைந்து ஒரு வாரம். ஊரெல்லாம் அதே பேச்சு. லஸ் முனையில் வலியுல்லாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் மட்டும் வழக்கமான சண்டைதான்: 'வேகா எக்ஸ்பெடிஷன்' உசத்தியா, 'க்ளே மூன்' உசத்தியா?

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சண்டை போடுகிற மூன்று பேரில் ஒருவர்கூட இரண்டில் எதையும் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டும் விண்வெளித் தொடர்கள்; ஒன்று அமெரிக்க டெலிவிஷனில் வருவது, மற்றது லண்டனில். மெட்ராஸுக்கு டெலிவிஷன் வந்தே ஆறு மாதம். அதிலும் உரம் போடுவது எப்படி என்றுதான் காட்டுகிறார்கள். சுயம்புலிங்கத்துக்கு (தி. நகரில் ஜவுளிக்கடைக் குடும்பம், நிலாக் கட்சித் தலைவர்) லண்டனிலிருந்து சித்தப்பா மகன் ஜவஹர் டெலிவிஷன் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்து கேசட் அனுப்புகிறான். நடுநடுவே ஜவஹரின் தும்மலும் கேட்கும். எனக்கு சிகாகோவிலிருந்து அண்ணா, பதினைந்து நாளுக்கு ஒரு ஏரோகிராமில், இங்கிலீஷில் நெருக்கி டைப் அடித்து வேகாவின் கதையை அனுப்புகிறான். அதைக் கடையில் நான் தமிழில் சொல்வேன். வலியுல்லா நடுவர்.

"சத்தம் எங்க கைல இருக்கு. உங்ககிட்ட வெறும் காகிதம்தானங்க" என்றார் சுயம்புலிங்கம்.

"காகிதத்துல தும்மல் கேக்காது" என்றேன். வலியுல்லா சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பாயிண்ட் எனக்கு.

தன் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணா எனக்கென்று செய்வது இது ஒன்றுதான். அதை யாரும் குறை சொன்னால் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி 18. புதன்

கடிதம் வந்தது. பிடிக்கவே இல்லை.

கப்பலின் வழிகாட்டி ரோஸுக்கு வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. மறுநாள் காலை கேப்டன் பதிவேட்டைப் பிரிக்கிறார். பிறப்புக்கு ஒரு பக்கம், இறப்புக்கு ஒரு பக்கம். இதை எதில் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிடுகிறார். ரோஸ் முகம் கழுவிக்கொண்டு வேலைக்கு வந்து நட்சத்திரங்களின் இடத்தை வாசிக்கிறாள். அவ்வளவுதான் கதை. போன தடவை துரத்திக்கொண்டு வந்த எதிரிக் கப்பல் என்ன ஆயிற்று? ஒரு வரி இல்லை.

சனிக்கிழமை இதை எந்த முகத்தோடு சொல்வது?

பிப்ரவரி 21. சனி

நினைத்தபடியே மானம் போயிற்று. "இது விண்வெளிக் கப்பலா, பிரசவ ஆஸ்பத்திரியாங்க?" என்று சுயம்புலிங்கம் கேட்டார். வலியுல்லா எனக்காக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "இன்னா சொல்றதுன்னு தெர்லமா" என்று ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வந்த கோபத்தில் உடனே அண்ணாவுக்கு எழுதினேன். 'உங்கள் ஊர் டெலிவிஷன்காரர்களுக்கு மூளை குழம்பிவிட்டதா? அந்த அழுமூஞ்சி ரோஸைக் கப்பலை விட்டு இறக்கச் சொல். ஒரு பொம்மனாட்டி அழுவதைப் பார்க்க வேகா வரைக்கும் போக வேண்டுமா? இங்கே மயிலாப்பூரிலேயே பார்க்கலாம்.' கடைசியில் வழக்கம்போல, 'மன்னியை விசாரித்ததாகச் சொல்லவும்.'

இந்த வரியை எல்லாக் கடிதத்திலும் போடுவேன். அதற்கு மேல் சூடாமணி மன்னிக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை. கல்யாணத்தன்று என் கையிலிருந்த புஸ்தகத்தைப் பார்த்து, "இன்னும் ராக்கெட் கதையா படிச்சிண்டிருக்கே?" என்று சிரித்தவள். ஒன்றரை வருஷம் ஆகிறது. மறப்பேனா?

பிப்ரவரி 22. ஞாயிறு

தபாலில் போட்டாயிற்று. மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 13. சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

இன்று சுயம்புலிங்கம் லண்டனிலிருந்து வந்த ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தார். விண்வெளித் தொடர்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டிருந்தது. பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். வாயெல்லாம் பல்.

வேகா எக்ஸ்பெடிஷன். மொத்தம் பதின்மூன்று வாரம். 1975 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது.

நிறுத்தப்பட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது!

நடிகர் பட்டியலைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். ரோஸ் என்று ஒருத்தி இல்லவே இல்லை. ஒரு வருஷமாக நான் யாருக்காகச் சண்டை போட்டேன்?

"அச்சுப் பிழையா இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுயம்புலிங்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "உக்காருங்க, ஏங்க, உக்காருங்க" என்றார். வலியுல்லா சோடா வாங்க ஓடினார். நான் குடிக்காமலே வந்துவிட்டேன். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 14. ஞாயிறு

பெட்டியைக் கொட்டி எண்ணினேன். முப்பத்திமூன்று கடிதம். பதின்மூன்று வாரத்துக்கு ஏழு நிஜம். இருபத்தாறு பொய்.

அண்ணா, ஏண்டா? என்னைப் பைத்தியக்காரின்னு நெனச்சியா? அங்கே உக்காந்து டைப் அடிச்சுச் சிரிச்சியா?

இதையே எழுதி அனுப்பினேன். மன்னியை விசாரிக்கவில்லை.

மார்ச் 20. சனி

கடைக்குப் போகமாட்டேன் என்று நினைத்தேன். போனேன். ஓடி ஒளிய நான் என்ன திருடியா?

யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. கடைசியில் சுயம்புலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரு வாரமா யோசிக்குதேன். பதினாலாவது வாரத்துக்கு அப்புறந்தான் வேகா நல்லாவே இருந்துச்சு. முன்னால எல்லாம் வெறும் டப்பு டுப்புதான். உங்க அண்ணன் பெரிய ஆளுங்க."

என் அண்ணாவா? லெட்டர் எழுதினால் நாலு வரி தாண்டாதவன் ஆயிற்றே. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏப்ரல் 6. செவ்வாய்

அண்ணாவின் பதில். டைப் இல்லை, கையெழுத்து. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

'ஜெயா, கதை எதுவும் நான் எழுதவில்லை. எல்லாம் சூடாமணி. முதல் பதின்மூன்று வாரமும் அவள்தான் பார்த்துக் குறிப்பெடுத்து எழுதினாள். எனக்கு ஆராய்ச்சிக்கூடத்திலேயே பொழுது போய்விடும். நின்றுபோனதும், நின்றுவிட்டது என்று எழுதிவிடு என்றேன். எழுதினால் ஜெயாவிடமிருந்து வரும் கடிதமும் நின்றுவிடும் என்றாள். அவளுக்கு உன் கடிதம் என்றால் உயிர். எனக்கு முன்னால் பிரித்துவிடுவாள்.

டிசம்பரில் அவளுக்கு நாலரை மாதம். ஐந்து முடிந்த பிறகு ஊருக்கு எழுதலாம் என்றிருந்தோம். தங்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லாதே, கலங்கிவிடுவாள் என்று சூடாமணிதான் தடுத்தாள். என்னிடமும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். உன் பிப்ரவரிக் கடிதத்தை அவள்தான் பிரித்தாள். அதற்குப் பிறகு மெஷினை மூடிவிட்டாள்.'

ஏப்ரல் 7. புதன்

என்ன காரியம் பண்ணிட்டேன்.

அழுமூஞ்சின்னு எழுதினேனே. எறக்கி விடச் சொன்னேனே. கடைசி வரியில விசாரிச்சேனாம்! எதை விசாரிச்சேன்? மன்னிக்கு ஒடம்பு எப்படின்னு ஒரு நாள் கேட்டிருப்பேனா?

ஆபீஸில் ஒரே கடிதத்தை மூன்று தடவை தப்பாக டைப் அடித்தேன்.

ஏப்ரல் 10. சனி

குழந்தை விஷயத்தைச் சொல்லவில்லை. அது மன்னியுடையது. எழுதியது என் மன்னி என்று மட்டும் சொன்னேன்.

"லேடீஸா!" என்றார் வலியுல்லா. "அம்மாடி, அந்தப் பொண்ணு சொம்மா ஆளு இல்ல."

சுயம்புலிங்கம் கொஞ்ச நேரம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு நான் கிண்டல் பண்ணினேன்லா, பதிவேட்டுக் கதை? அதை வீட்டுல எங்க மதினி தங்கத்துக்கிட்ட சொன்னேன், சிரிக்கதுக்காகத்தான். அவங்க சிரிக்கல. அடுப்பை அணைச்சிட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல." பிறகு, "உங்க மன்னிக்கு எழுதும்போது நான் தோத்துட்டேன்னு எழுதுங்க" என்றார்.

ஜெயித்தேன். ஆனால் இந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏப்ரல் 14. புதன்

நாலு நாளில் ஆறு ஏரோகிராம் கிழித்தேன். எங்கள் வீட்டில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி: க்ஷேமம், க்ஷேமத்துக்குப் பதில், நமஸ்காரம், விசாரிப்பு. பேனா தானாக அந்தத் தடத்தில்தான் ஓடுகிறது. 'மன்னிக்கு' என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் குழந்தை விஷயம் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். கேட்காவிட்டால் நான் மனுஷியே இல்லை.

ஏப்ரல் 18. ஞாயிறு

மாடி வீட்டு ராஜகோபாலன் மாமாவிடம் கேட்டு, அவர் போனில் சிகாகோவுக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். "யாருக்கு என்ன?" என்று பதறினார். யாருக்கும் ஒன்றுமில்லை, பேசணும் என்றேன். பேசுவதற்காக அமெரிக்காவைக் கூப்பிடுவார்களா என்பதுபோல் பார்த்தார்.

மத்தியானம் பதிவு செய்தது, சாயங்காலம் ஏழு மணிக்குக் கிடைத்தது. அங்கே காலை. கரகரவென்று இரைச்சல். நடுவே ஒரு பெண் குரல், ஹலோ என்றது.

"மன்னி" என்றேன்.

"யாரு பேசறது?"

என் குரல் அவளுக்குத் தெரியவில்லை. தெரிய நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்?

"ஜெயா. மெட்ராஸ்லேர்ந்து."

"ஐயோ, அம்மாவுக்கு என்ன? இரு, உங்க அண்ணா குளிச்சிண்டிருக்கார், கூப்பிடறேன்."

"அம்மா சௌக்கியம். அண்ணா வேண்டாம். உங்களோட பேசத்தான் போன் பண்ணினேன்." யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "உங்களுக்கு இப்போ ஒடம்பு எப்படி இருக்கு, மன்னி?"

பதில் வரவில்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மூச்சு கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் பேசவில்லை. ராஜகோபாலன் மாமா எழுந்து வாசல் பக்கம் போனார்.

ஆபரேட்டர் நடுவில் வந்து, மூன்று நிமிஷம் ஆகிவிட்டது, நீட்டிக்க வேண்டுமா என்று கேட்டாள். இங்கே யாரும் பேசவே இல்லையே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

நீட்டுங்கோ என்றேன்.